குழிக்குழாய்

தாழ்ச்சியைப் பற்றிப் பத்து நிமிடம்
பேசச் சொல்லியிருந்தார் பங்குச்சாமியார்,
வியாழன் சாயங்காலம், சவுரிநாதன் வீட்டு அன்பியத்தில்.
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.
தாழ்ச்சி ஒரு படிக்கட்டு என்று தொடங்கினேன்.
அடித்துவிட்டுத் தாழ்ச்சி ஒரு விதை என்றேன்.
இரண்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடியது.
சோமனூரில் தறி ஓடாத சுவர் ஏது.
கூலிக்கு நெய்கிறோம்; நாலு தறியில்
இரண்டு என் மனைவி பிரகாசியின் கணக்கு.
பேச்சுக்கு நடுவே இழை அறுந்தால்
பேச்சை அப்படியே விட்டுவிடுவாள்.
முடிச்சுப் போட்ட பிறகுதான் மீதி வாக்கியம்.
பத்தொன்பது வருசமாக அவள் சொன்னதில் பாதி
எனக்கு முடிச்சுக்குப் பிறகு கிடைத்ததுதான்.

ராத்திரி ஒன்றே முக்காலுக்குத் தட்டி எழுப்பினாள்.
"ஏனுங்க, நல்ல தண்ணி வந்திருச்சுங்க.
எனக்கு இடுப்பு வளையலீங்க."
பதினோராவது நாள்.
"நாளைக்குப் பேசணும் பிரகாசி."
"பேசுங்க. தண்ணி குடிச்சுப்போட்டுத்
தானுங்களே பேசணும்."

எங்கள் வீதியில் தண்ணி மேலே ஏறாது, வேகம் பத்தாது.
வாசலுக்கு முன்னால் ஆளுக்கொரு குழி
இடுப்பளவு வெட்டி வைத்திருக்கிறோம்.
இறங்கிக் குத்தவைத்து
சொம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும்.
எதிர்வீட்டு முன்னாள் கவுன்சிலர்
பட்டாப்பட்டி டிராயரோடு அவர் குழியில் இருந்தார்.
வணக்கம் வைக்க
இருவருக்கும் கை காலியாக இல்லை.

அப்போது நினைத்தேன்:
நாசரேத்தில் முப்பது வருசம்.
எழுதினவர்கள் அந்தக் கதவுவரை வந்து
திரும்பிப் போய்விட்டார்கள்.
பிறப்புக்கு ஒரு விண்மீன் இருந்தது,
சாவுக்கு நடுப்பகல் இருட்டு.
இடையில் வீடு.
மரத்தூள் பறந்திருக்கும், மாவு புளித்திருக்கும்,
"தம்பி, குடத்தை எடு" என்று
மரியாள் எழுப்பிய விடியல்கள் இருந்திருக்கும்.
கடலுக்கு எல்லை போட்டவர்
ஒரு குடம் தண்ணி சிந்தாமல் வீடு சேர
மூச்சைப் பிடித்து நடந்திருப்பார்.
யாரும் பார்க்கவில்லை.
பார்க்காத அந்த நடைதான்...

இந்த இடத்தில் சொம்பு நழுவிச் சேற்றில் விழுந்தது.
வரி போய்விட்டது.
சொம்பைக் கழுவியதில் நல்ல தண்ணியும் கொஞ்சம் போனது.
மேலே நின்ற பிரகாசி ஒன்றும் சொல்லவில்லை.
குனிய முடியாதவள்,
டார்ச்சை மட்டும்
இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.

வியாழன் பேசினேன். நாலே நிமிடம்.
குழியைச் சொல்ல நா எழவில்லை;
எல்லார் வாசலிலும் இருப்பதை
எப்படிப் பிரசங்கம் ஆக்குவது?
"சுருக்கமாப் பேசுனீங்க" என்றார் சவுரிநாதன்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.
அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிறகு மன்றாட்டு.
ஆண்டவரை நீர் என்றும் உம்மை என்றும்
அவரவர் மனப்பாடமாக அழைத்தார்கள்.
பிரகாசிக்கு அந்தத் தமிழ் வாயில் நிற்காது.
பக்கத்து வீட்டில் உறை மோர் கேட்கிற குரலில் சொன்னாள்:
"சாமி, பதினோரு நாளைக்கு ஒருக்கா
தண்ணி பத்தறதில்லீங்க.
இடுப்பு வலி பரவால்லீங்க.
நீங்க பாத்துக்குங்க.
நாங்களும் பாத்துக்கறோமுங்க."
யாரோ சிரித்தார்கள்.
ஆமென் ஒரு விநாடி தாமதமாக வந்தது.

வீட்டில் அரிசியும்பருப்பும் சோறு.
அவள் தறிக்குப் போனாள். தட்டு இரண்டையும்
உப்புத் தண்ணியில் நான் கழுவினேன்.
"ஏனுங்க, நீங்க இன்னிக்குப் பேசுனதுல..."
என்று அங்கிருந்தே சத்தமாக ஆரம்பித்தாள்.
இழை அறுந்தது.

ஈரத் தட்டோடு
முடிச்சு விழும்வரை நின்றேன்.